முகம் எங்கே? இம்ப்ரெஷனிஸ்ட் நிலக்காட்சிகளில் மனிதரைப் பார்க்கப் பழகுவோருக்கு

1874 ஏப்ரல் 25ஆம் தேதி பாரிஸின் ‘லெ ஷாரிவாரி’ நையாண்டி இதழில் லூயி லெருவா என்ற எழுத்தாளர் ஓர் ஓவியக் கண்காட்சியைக் கிழித்துத் தொங்கவிட்டார். பின்னர் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர் பெற்ற மோனே, பிஸ்ஸாரோ, ரெனுவார், சிஸ்லே, தெகா, பெர்த் மொரிஸோ முதலியோர் கூடி, புகைப்படக்காரர் நதார் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த கட்டடத்தில் நடத்திய கண்காட்சி அது. லெருவாவின் கட்டுரையில் பழைய பாணி ஓவியர் ஒருவர் அறை அறையாகச் சுற்றி வருகிறார். மோனேயின் ‘பூல்வார் தெ கப்பூசின்’ படத்துக்கு முன் நின்று, கீழ்ப்பகுதியில் நாக்கால் நக்கி வைத்தாற்போலக் கருப்புத் தடங்கள் எண்ணற்றுத் தெரிகின்றனவே, அவை என்ன என்று கேட்கிறார். நடந்துபோகும் மனிதர்கள் என்று பதில் வருகிறது. அந்தச் சாலையில் நடக்கும்போது நானும் இப்படித்தான் தெரிகிறேனா என்று மனிதர் கொதித்துப்போகிறார்.

கிண்டலாகக் கேட்டிருந்தாலும் அது சரியான கேள்விதான். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்களும் மனதுக்குள் அதையே கேட்டுக்கொள்கிறார்கள். வயல் இருக்கிறது, ஆறு இருக்கிறது, நடுவே குடை பிடித்த ஒரு பெண் இருக்கிறாள். கண்ணும் மூக்கும் எங்கே போயின? இவர்களுக்கு ஆள் வரையத் தெரியாதா? தெரியும். மோனே பதின்பருவத்தில் லெ ஆவ்ர் நகரத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து காசுக்கு விற்றவர். யார் என்று பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தால்தான் கேலிச்சித்திரம் விலைபோகும். முகத்தைப் பிடிப்பதில் அப்படிக் கை தேர்ந்தவர் பிறகு முகத்தை வரையாமல் விட்டாரென்றால், வேண்டுமென்றே விட்டார் என்றுதான் பொருள்.

அதற்கு முந்தைய ஐரோப்பிய நிலக்காட்சிகளில் ஆளுக்கு ஒரு கதை இருந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர்களான பூஸான், க்ளோத் லொரான் போன்றவர்கள் மரத்தடியில் புராண மாந்தரையோ பைபிள் மாந்தரையோ நிற்க வைத்தார்கள். வெறும் மரத்துக்கும் மலைக்கும் கலைக்கழகத்தில் மதிப்புக் குறைவு. கதை வந்தால் மதிப்பு ஏறும். இம்ப்ரெஷனிஸ்டுகள் கதையைக் கழற்றிவிட்டு ஆளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புல்லின் மேலும் தண்ணீரின் மேலும் விழும் வெயில்தான் அந்த ஆளின் மேலும் விழுகிறது. அவருக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் கட்சி. கீழே வரும் எட்டுப் படிகளில் ஐந்தாவதில் இதை நானே கொஞ்சம் தளர்த்துவேன்.

1. நல்ல படத்தை எடுங்கள், அளவைச் சுவரில் குறியுங்கள்

காலண்டரிலும் தலையணை உறையிலும் அச்சாகிற மோனேயை நம்ப வேண்டாம். நிறம் ஏறியிருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். வாஷிங்டன் நேஷனல் கேலரி, சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆகிய மூன்று அருங்காட்சியகங்களும் தங்களிடம் உள்ள பழைய ஓவியங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ள விடுகின்றன. பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தின் படங்கள் அதன் சொந்தத் தளத்தில் இருக்கின்றன. கைப்பேசியை விடக் கணினித் திரை நல்லது. தீற்றல் தீற்றலாகப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

படம் கிடைத்ததும் பலரும் தாண்டிப்போகும் ஒரு வேலையைச் செய்யுங்கள். படத்தின் உண்மையான நீள அகலத்தைச் சுவரில் சாக்பீஸால் கட்டம் கட்டுங்கள். மோனேயின் ‘பாப்பி மலர்கள்’ (1873) 50க்கு 65 சென்டிமீட்டர். ஏறக்குறைய விரித்த நாளிதழ் அளவு. ‘ட்ரூவில் கடற்கரை’ (1870) அதைவிடச் சிறியது, 38க்கு 46. அதன் வண்ணப்பூச்சுக்குள் கடற்கரை மணல் ஒட்டியிருப்பதை லண்டன் நேஷனல் கேலரியில் கண்டுபிடித்தார்கள். காற்றடிக்கும் இடத்திலேயே உட்கார்ந்து தீட்டியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்தச் சிறிய அளவுக்கும் முகம் இல்லாததற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்கர் 1841இல் மடக்கக்கூடிய தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற பிறகு, எண்ணெய் வண்ணங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவது எளிதாயிற்று. தூக்கிக்கொண்டு நடக்கும் அளவிலான கித்தானில், வெயில் மாறுவதற்குள் முடிக்க வேண்டிய படத்தில், தூரத்து ஆளுக்குக் கிடைக்கும் இடம் விரல் நக அளவுதான்.

பெரிதாகச் செய்தால் என்ன பாடு என்பதையும் மோனே பட்டுப் பார்த்திருக்கிறார். ‘தோட்டத்தில் பெண்கள்’ (1866–67) 255 சென்டிமீட்டர் உயரம். வெளியிலேயே தீட்டியாக வேண்டும் என்ற பிடிவாதத்தில் தரையில் பள்ளம் வெட்டி, கப்பி வைத்துக் கித்தானை இறக்கியும் ஏற்றியும் மேல்பாதியை எட்டினார். இவ்வளவு செய்தும் 1867ஆம் ஆண்டின் அரசுக் கண்காட்சி அதை நிராகரித்தது. நண்பர் பஸீல் அதை 2,500 பிராங்குக்கு, மாதத் தவணையில் வாங்கிக்கொண்டார்.

2. கட்டை விரலால் ஆளை மறையுங்கள்

‘பாப்பி மலர்கள்’ படத்தைத் திறங்கள். ஆர்ஜன்தே ஊர்ப்பக்கத்து மேடு. இடப்புறச் சரிவு முழுக்கச் சிவப்புப் பூக்கள். கீழே வலப்பக்கமாக ஒரு பெண்ணும் குழந்தையும். மேட்டின் உச்சியில் இன்னொரு பெண்ணும் குழந்தையும். கீழே இருப்பவர்கள் மோனேயின் மனைவி கமீயும் மகன் ஜானும் என்று பொதுவாகக் கருதுகிறார்கள்.

கீழே உள்ள இருவரையும் விரலால் மறையுங்கள். முன்புறம் சட்டென்று தட்டையாகிவிடும். பூக்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்றே தெரியாது, ஏனென்றால் இடது முன்புறத்துச் சிவப்புத் திட்டுகளை மோனே இயல்பான அளவை மீறிப் பெரிதாக அப்பியிருக்கிறார். புல்லுக்குள் பாதி முங்கிய குழந்தைதான் புல்லின் உயரத்தை நமக்குச் சொல்கிறது. இப்போது விரலை நகர்த்தி மேட்டின் மேல் உள்ள இருவரை மறையுங்கள். சரிவே காணாமல் போகும். மேலிருந்து கீழாகக் கண்ணை இறக்கி வந்த சாய்கோடு அறுந்து, பின்னால் மரவரிசை ஒரு சுவர்போல நிற்கும். இரண்டு ஜோடிக்கும் நடுவே உள்ள வெற்றுப் புல்வெளியை நம் கண் நடந்து கடக்கிறது. ஒரே தாயும் மகனும் இறங்கி வரும் இரு கணங்கள் என்று இதை வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வாசித்தாலும் கெடுதல் இல்லை.

மறைத்துப் பார்க்கும் இந்த உத்தி ஓவியருக்கும் உரியதே. சிகாகோவில் உள்ள ‘பூர்வீல் பாறைமுகட்டு நடை’ (1882) படத்தில் கடலை நோக்கிய முகட்டில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது மூன்றாவது ஆள் ஒருவரை மோனே தீட்டிவிட்டுப் பிறகு நீக்கியிருப்பது தெரிந்தது. வலது ஓரப் பாறையையும் குறைத்திருக்கிறார். கண்டதை அப்படியே பதிவுசெய்தவர்கள் என்று இவர்களைப் பற்றிச் சொல்லும் வழக்கமான பேச்சை இங்கே சற்று நிறுத்தி வைக்கலாம். ஆளை வைப்பதும் எடுப்பதும் கணக்குப் பார்த்துச் செய்த வேலை.

3. முகத்தை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். வாஷிங்டனில் உள்ள ‘குடை பிடித்த பெண்’ (1875) வேண்டும். 100க்கு 81 சென்டிமீட்டர். கமீ ஒரு மேட்டின் மேல் நிற்கிறார். நாம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். சற்றுப் பின்னால், மேட்டுக்கு அப்பால், சிறுவன் ஜான் இடுப்புக்கு மேல் மட்டும் தெரிகிறான். சில மணி நேரத்தில் ஒரே அமர்வில் தீட்டியிருக்கக்கூடும் என்பது அருங்காட்சியகத்தின் கணிப்பு.

முதலில் சூரியனைத் தேடுங்கள். அது கமீக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய நிழல் புல்லின் மேல் நம் பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. ஆகவே நம்மை நோக்கிய முகம், மார்பு, பாவாடையின் முன்பக்கம் எல்லாம் நிழலில். வெயிலுக்கு எதிரே நிற்பவரை நேரில் பார்த்தாலும் கண்ணும் மூக்கும் நமக்குத் துலங்காது.

இப்போது பெரிதாக்கி ஒவ்வோர் ஓரமாகப் போங்கள். குடையின் உட்புறம் பச்சை. வெள்ளை உடையில், கையருகே மஞ்சள் தீற்றல்கள். கீழே உள்ள காட்டுப் பூக்களிலிருந்து எழும்பிய ஒளி அது. தொப்பியின் மெல்லிய முகத்திரை காற்றில் முகத்தின் குறுக்கே இழுபடுகிறது. திரை எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. பாவாடையின் வெள்ளையும் பின்னால் உள்ள மேகத்தின் வெள்ளையும் ஒரே கையசைவில் பிறந்தவை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாவாடையின் மடிப்பு, முகத்திரை, புல் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றும் ஒரே பதிலைச் சொல்லும்.

இத்துடன் ஓர்சேயில் உள்ள 1886ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அதே குடை, அதே மேடு போன்ற ஓர் இடம். ஒன்றில் பெண் வலப்பக்கம் திரும்பியிருக்கிறாள், மற்றதில் இடப்பக்கம். மாதிரியாக நின்றவர் சூசன் ஓஷ்தே. 1875இல் மங்கலாகவாவது இருந்த முகம் இங்கே துடைத்தெடுத்தாற்போலப் போய்விட்டது. 1887இல் விமர்சகர் தியோதோர் த்யுரேவுக்கு எழுதிய கடிதத்தில், திறந்தவெளியில் மனித உருவங்களை நிலக்காட்சியைப் போலவே தீட்ட முயல்வதாக மோனே குறிப்பிடுகிறார். நாம் தேடிக்கொண்டிருக்கும் பதில் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

கமீ 1879இல் 32 வயதில் இறந்துபோனார். அதனால் 1886ஆம் ஆண்டுப் படங்களின் முகமற்ற பெண்ணைத் துக்கத்தின் சின்னமாகக் காட்டி உருகி உருகி எழுதுகிறவர்கள் உண்டு. இருக்கலாம், யார் கண்டார்கள். ஆனால் அந்த உருக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படத்தின் முன் போனால் குடையின் பச்சையைப் பார்க்க மாட்டீர்கள். முதலில் பச்சையைப் பாருங்கள்.

4. அட்டையில் துளை போட்டு நிறத்தைப் பிடியுங்கள்

ஒரு வெள்ளை அட்டையில் பச்சைப் பட்டாணி அளவுக்குத் துளை போடுங்கள். திரையில் படத்தைப் பெரிதாக்கி, துளையை உடலின் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். துளைக்குள் தெரியும் நிறத்தின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். இது கன்னம், இது வெள்ளைச் சட்டை என்று மனம் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடாமல் அட்டை தடுக்கும்.

இதற்கு ரெனுவாரைப் போல வாய்ப்பானவர் இல்லை. ஓர்சேயில் உள்ள ‘ஊஞ்சல்’ (1876) படத்தில் மரத்தடியில் வெள்ளை உடுப்புப் பெண் ஒருத்தி ஊஞ்சலில் நிற்கிறாள்; இலைகளுக்கு நடுவே இறங்கிய வெயில் தரையிலும் உடையிலும் முன்னால் நிற்பவரின் முதுகிலும் திட்டுத் திட்டாக விழுகிறது. வெள்ளை உடையின் மேல் துளையை வைத்தால் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் என்று வரும். தூய வெள்ளை அரிதாகத்தான் சிக்கும். 1877இல் இதைப் பார்த்த விமர்சகர் ஒருவர், துணியில் எண்ணெய்க் கறை பட்டதுபோல் இருக்கிறது என்றார்.

உடம்பே படமானபோது வசவு இன்னும் கடுமையாயிற்று. மரநிழலில் மேலுடை இல்லாத பெண்ணைத் தீட்டிய ரெனுவாரின் படம் 1876ஆம் ஆண்டின் இரண்டாவது கண்காட்சியில் இருந்தது. பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் கொண்ட அழுகும் சதைக்குவியல் என்று விமர்சகர் ஆல்பெர் வோல்ஃப் ‘லெ ஃபிகாரோ’ நாளிதழில் எழுதினார். வோல்ஃப் பார்வையற்றவர் அல்லர். பச்சையையும் ஊதாவையும் சரியாகவே கண்டுகொண்டார். உடம்பின் நிறம் உடம்புக்கே சொந்தம், நிழல் என்றால் பழுப்போ கருப்போ என்று பழகிய கண் அது. இலையின் பச்சையும் வானத்தின் நீலமும் தோலில் ஏறும் என்பதை அந்தக் கண்ணால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சிவப்பும் பச்சையும் போன்ற எதிர் நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்பதை வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் விரிவாக எழுதி வைத்திருந்தார். ரெனுவாரின் ‘உயர்ந்த புற்களினூடே ஏறும் பாதை’ என்ற படத்தில், அத்தனை பச்சைக்கும் நடுவே ஒரு சிவப்புக் குடை வருவது இந்தக் கணக்கில்தான். குடையை மறைத்தால் பச்சை முழுவதும் சோர்ந்துவிடும்.

5. உலாவ வந்தவரா, பாடுபடுகிறவரா என்று கேளுங்கள்

எல்லார் மேலும் ஒரே வெயில் என்றேன். வெயில் ஒன்றுதான், வெயிலில் நிற்கும் காரணம் வேறு வேறு.

மோனே 1871 முதல் 1878 வரை குடியிருந்த ஆர்ஜன்தே, பாரிஸின் சான் லசார் நிலையத்திலிருந்து ரயிலில் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தார் படகு விடவும் காற்று வாங்கவும் அங்கே இறங்குவார்கள். அதே ஊரில் தொழிற்சாலைகளும் இருந்தன. மோனேயின் வயல்களில் நடப்பவர்கள் பெரும்பாலும் குடை பிடித்தவர்கள். வயலில் அவர்களுக்கு வேலை இல்லை.

பிஸ்ஸாரோவிடம் போனால் ஆளே மாறிவிடுகிறார். அதே 1874 கண்காட்சியில் இருந்த ‘உறைபனி’ (1873) படத்தை ஓர்சே தளத்தில் எடுங்கள். பொந்த்வாஸ் அருகே என்னரிக்குப் போகும் பழைய பாதை. உழுத வயல் வெண்பனியில் கரகரத்துக் கிடக்கிறது. முதுகில் விறகுச் சுமையோடு, கோலூன்றி ஒருவர் நடந்து போகிறார். வயலின் குறுக்கே நீல நிழல்கள் வரிவரியாக விழுந்திருக்கின்றன. ஆனால் அந்த நிழல்களுக்குரிய மரங்கள் படத்தில் இல்லை, சட்டத்துக்கு வெளியே எங்கோ நிற்கின்றன. சட்டத்துக்கு வெளியே உள்ள மரங்களின் நிழலைத் தீட்டியது பெரும்பிழை என்று விமர்சகர் கஸ்தாஞரி கண்டித்தார். லெருவாவின் கற்பனை ஓவியரோ உழவுச் சால்களைப் பார்த்துவிட்டு, வண்ணத்தட்டைச் சுரண்டி அழுக்குக் கித்தானில் அப்பியிருக்கிறார்கள் என்றார்.

இங்கே விரலை வைத்து விறகுக்காரரை மறையுங்கள். காட்சி அழகாகவே இருக்கும். குளிர் மட்டும் குறைந்துவிடும். இவ்வளவு குளிரில் ஏன் ஒருவர் வெளியே வருகிறார்? வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அந்த மனிதருக்கும் முகம் தெரியவில்லை, அவரும் சில தீற்றல்கள்தான். ஆனாலும் சுமையின் பாரம் முதுகின் சாய்விலேயே இருக்கிறது. முந்தைய தலைமுறை ஓவியர் மிலேயின் ‘கதிர் பொறுக்குபவர்கள்’ (1857) படத்தில் குனிந்த மூன்று பெண்கள் சிலைகளைப்போல முன்னால் வந்து நிற்கிறார்கள். நீ பரிதாபப்படு என்று படம் நம்மைக் கேட்கிறது. பிஸ்ஸாரோ அப்படிக் கேட்பதில்லை. என் சொந்த விருப்பத்தைச் சொல்வதானால், மோனேயின் குடைப் பெண்கள் எல்லாரையும் விட இந்த விறகுக்காரர் எனக்கு மேல்.

1880களில் பிஸ்ஸாரோவின் ஆட்கள் பெரிதாகிறார்கள். ‘குச்சியுடன் கிராமத்துச் சிறுமி’ (1881) படத்தில் சிறுமி முன்னால் வந்து உட்கார, நிலம் பின்னால் போகிறது. அடிவானம் படிப்படியாக மேலே ஏறிக் காணாமல் போவதைக் கவனியுங்கள்.

பெர்த் மொரிஸோவைப் பார்க்கும்போது இன்னொரு கேள்வியும் சேரும். அந்தக் காலத்து உயர்குடிப் பெண் தனியாகச் சாலையோரம் உட்கார்ந்து படம் தீட்டுவது லேசான காரியம் இல்லை. அவருடைய வெளிப்புறக் காட்சிகள் தோட்டம், பூங்கா, குடும்பத்தார் தங்கும் ஊர் என்று வருவதற்கு இதுவும் காரணம். லண்டன் நேஷனல் கேலரியின் ‘கோடை நாள்’ (ஏறத்தாழ 1879) படத்தில் இரு பெண்கள் பாரிஸ் பூங்கா ஏரியில் படகில் அமர்ந்திருக்கிறார்கள். நாமும் அதே படகில் இருப்பதுபோல அவ்வளவு பக்கம். உடையின் மேலும் தண்ணீரின் மேலும் ஒரே மாதிரி வளைந்து வளைந்து ஓடும் கோடுகள். துணி எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ‘துணி உலர்த்துதல்’ (1875, வாஷிங்டன்) படத்தில் அவர் வேலை செய்யும் பெண்களையும் தீட்டியிருக்கிறார். அதில் துணிகள் பெண்களைவிடப் பளிச்சென்று இருக்கும்.

6. ஒரே இடத்தை இருவர் தீட்டியதை ஒப்பிடுங்கள்

1869 கோடையில் மோனேயும் ரெனுவாரும் சேன் ஆற்றங்கரையில் பூஜிவால் பக்கத்தில் இருந்த ‘லா க்ரெனூயேர்’ என்ற குளியல் துறைக்குப் போய், அருகருகே உட்கார்ந்து தீட்டினார்கள். மிதக்கும் உணவகம், படகுகள், நடுவே ஒற்றை மரம் நிற்கும் வட்டத் தீவு. மோனேயின் படம் நியூயார்க்கில், ரெனுவாருடையது ஸ்டாக்ஹோமில்.

ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பார்த்துவிட்டுத் திரையை மூடுங்கள். நினைவில் நிற்பதை எழுதுங்கள். மோனேயிடமிருந்து தண்ணீர் நிற்கும்: கட்டை கட்டையான கிடைக்கோட்டுத் தீற்றல்கள், கருமையும் வெளிச்சமும் மாறி மாறி. ஆட்கள் அதற்கு முன்னால் கறுத்த சிறு செங்குத்துகள். ரெனுவாரிடமிருந்து பாவாடைகள் நிற்கும். தீவை அவர் பக்கத்தில் இழுத்து, அதில் நிற்பவர்களின் உடுப்பைக் கொஞ்சிக் கொஞ்சித் தீட்டியிருக்கிறார். ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே பள்ளியில் வைத்துப் பேசப்படுகிற இருவருக்குள்ளேயே மனிதரைப் பற்றி இவ்வளவு வேற்றுமை. இம்ப்ரெஷனிஸ்டுகள் எல்லாரும் இப்படித்தான் என்று பொதுவாகப் பேசும் ஆசை வரும்போது இந்த ஜோடியைத் திறந்து பாருங்கள்.

7. தூரிகையை எடுத்து ஓர் ஆளை வையுங்கள்

ஓவியர் ஆகும் எண்ணம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் போஸ்டர் கலர் போதும். சிஸ்லேயின் ‘லூவ்சியேனில் பனி’ (1878, ஓர்சே) எடுங்கள். வெள்ளைப் பாதை, இருபுறமும் பனி மூடிய மதில், செடிகள். தூரத்தில் தனியொரு கறுத்த உருவம்.

முதலில் ஆள் இல்லாமல் பாதையை மட்டும் தோராயமாகத் தீட்டுங்கள். காய்ந்ததும் அந்த உருவத்தை ஒரே தீற்றலில் வையுங்கள். தூரத்து ஆளுக்குத் தோள் பக்கம் அகன்று கால் பக்கம் குறுகினால் போதும், கேரட்டைத் தலைகீழாக்காமல் நிறுத்தியதுபோல. தலை, முழு உயரத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது; புதியவர்கள் எல்லாரும் தலையைப் பெரிதாக்கி ஆளைப் பொம்மையாக்கிவிடுகிறார்கள். காலைப் பிரித்து இரண்டு கோடு போடாதீர்கள். பாதமும் வேண்டாம், ஆள் நிலத்தோடு ஒட்டுவது பாதத்தால் அல்ல, நிழலால்.

தனித் தாள்துண்டுகளில் பெரிதும் சிறிதுமாக இன்னும் சில உருவங்கள் தீட்டி வெட்டி, படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். பெரிய உருவத்தைத் தூரத்தில் வைத்தால் பாதை சுருங்கும், மதில் குட்டையாகும். சிறியதை முன்னால் வைத்தால் மதில் கோட்டைச் சுவராகிவிடும். எது சரி என்பதற்கு ஒரு விதி உண்டு. சமதரையில் நின்றபடி பார்க்கும்போது, நம் உயரமே உள்ளவர்களின் தலைகள் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் அடிவானக் கோட்டிலேயே அமையும். கால்கள்தான் தூரத்துக்கு ஏற்ப மேலேறும். ‘குடை பிடித்த பெண்’ படத்தில் கமீயின் தலை அடிவானத்துக்கு வெகு மேலே போய் வானத்தில் நிற்பது, நாம் மேட்டுக்குக் கீழே நிற்கிறோம் என்பதை இந்த விதியை வைத்துத்தான் சொல்கிறது.

8. ஆளில்லாத படத்தில் ஆளை வைத்துப் பாருங்கள்

மோனே 1890–91இல் ஷிவெர்னியில் தன் வீட்டருகே இருந்த கதிர்ப்போர்களைச் சுமார் 25 கித்தான்களில் தீட்டினார். சிகாகோவில் பல இருக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லை. முன்பு வெட்டிய தாள் உருவத்தைத் திரையில் போரின் பக்கத்தில் ஒட்டுங்கள். அதுவரை சிறு குன்றாகவும் குடிசையாகவும் மாறி மாறித் தோன்றியது, உழவர் அடுக்கிய கதிர்க்குவியலாக, இத்தனை அடி உயரம் என்று சொல்லக்கூடியதாக ஆகிவிடும். அளவு தெரிந்ததும் கண் ஆளிடமே போய் நிற்கும். போரின் மேல் ஊதாவாகவும் ஆரஞ்சாகவும் ஏறி இறங்கும் ஒளியிடம் திரும்ப மறுக்கும். மோனே ஏன் ஆளைக் கைவிட்டார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எட்டையும் முடித்தவர்கள் அடுத்ததாகச் சிஸ்லேயின் ‘போர்-மார்லியில் வெள்ளம்’ (1876, ஓர்சே) படத்தைத் துணையில்லாமல் தனியே பாருங்கள். மதுக்கடை ஒன்றின் வாசல்வரை தண்ணீர் ஏறியிருக்கிறது, பக்கத்தில் படகில் ஆட்கள். அவர்களை மறைத்துவிட்டுத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று சொல்ல முயலுங்கள். ஊரே மூழ்கியிருக்கும்போது அவர்களிடம் பதற்றம் தெரிகிறதா, எந்தத் தீற்றலில் தெரிகிறது என்று கேளுங்கள். வானத்துக்கு ஒதுக்கிய இடத்தையும் ஆட்களுக்கு ஒதுக்கிய இடத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்லே அதே வெள்ளத்தை வேறு சில கித்தான்களிலும் தீட்டியிருக்கிறார், ஒப்பிடும்போது அந்தக் குறிப்புத் தேவைப்படும்.